காலர் மெஷினில் நின்றவர்

1. அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைத்து ஏற்றுமதி செய்கிற எங்கள் கம்பெனியில், மூன்றாவது லைனின் நாற்காலிகளை எடுத்துவிட்டோம்.

2. வெட்டிய துணிகளை மூட்டையாகக் கட்டி ஒரு டெய்லரிடமிருந்து அடுத்த டெய்லருக்குத் தள்ளுகிற பழைய முறையை நிறுத்தினோம். ஒரு நேரத்தில் ஒரு சட்டைதான் கைமாற வேண்டும் என்று விதி செய்தோம்.

3. மெஷின்களை லாட வடிவத்தில் நெருக்கிப் போட்டோம். எல்லோரும் நின்றுகொண்டு தைத்தார்கள்.

4. தவறைக் கண்டவர் யாரானாலும் லைனை நிறுத்தலாம் என்று சொல்லி ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு ஸ்விட்ச் வைத்தோம். அழுத்தினால் மேலே சிவப்பு பல்பு எரியும்.

5. ஆரம்பத்தில் பல்பு ஓயாமல் எரிந்தது. பிறகு எரியவே இல்லை.

6. உற்பத்தி கூடியது.

7. சட்டை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் பரிசோதனைக்கு வந்தார். வெளிர்நீலச் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

மேனேஜருக்கு நான் எழுதிக் கொடுத்த அறிக்கை ஏறக்குறைய இப்படித்தான் இருந்தது. அந்த லைனில் காலர் தைத்த பெண்ணைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அவரைக் காலர் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள், வேனிலும் கேண்டீனிலும் சம்பளம் கொடுக்கிற ஜன்னலிலும். அந்த மெஷினில் தான் மட்டுமே இருக்க வேண்டும் என்பது அவருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நான் பாலிடெக்னிக்கில் ஆயத்த ஆடைத் தொழில்நுட்பம் படித்துவிட்டு, தொண்ணூறுகளின் நடுவில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க, யார் எந்த வேலையை எவ்வளவு நேரத்தில் செய்கிறார்கள் என்று குறிப்பதுதான் என் வேலை. ஆவடியிலிருந்து ரயிலில் வந்து, எஸ்டேட் வரைக்கும் நடப்பேன். கள்ளிக்குப்பத்திலிருந்து வருகிற கம்பெனி வேன் வழியில் என்னைக் கடந்து போகும். டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் காலர் அக்கா உட்கார்ந்திருப்பார். அந்த சீட் அவருடையது. அவர் வராத நாளிலும் அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

பழைய முறையில் அவர் தைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு காலர் முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்த காலரைச் செருகுவார். மெஷினுக்குப் பின்புறம் காலர்கள் தோரணம் மாதிரி தொங்கிக்கொண்டே நீளும். மூட்டை முழுவதும் முடிந்த பிறகு கத்தரியை எடுத்து மொத்தமாக அறுப்பார். அந்த ஹாலில் அவர் அளவுக்கு வேகமாகத் தைத்தவர் யாரும் இல்லை. தன் மூட்டையை முடித்ததும் நாற்காலியில் சாய்ந்து, இடுப்பில் செருகியிருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, மற்றவர்கள் தைப்பதை வேடிக்கை பார்ப்பார். ஹாலில் எல்லோரும் பயந்தது அந்த நேரத்துக்குத்தான்.

அவருக்கு அடுத்த மெஷினில் பாரிவாக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண் இருந்தாள். காலர் அக்கா தைத்த காலரைச் சட்டையின் கழுத்தில் ஏற்றுவது அவள் வேலை. கடினமான வேலை, மெதுவாகத்தான் செய்ய முடியும். நேரம் எடுத்துப் பார்த்தவள் என்ற முறையில் எனக்கு அது தெரியும். ஹாலில் அவளுக்கு ஆமை என்று பெயர். வைத்தவர் காலர் அக்கா.

"இன்னாடி ஆமை, காலர் மாட்றியா, கல்யாண மால மாட்றியா? மாப்ள மணவறைலயே தூங்கிட்டான் பாரு."

ஹால் சிரிக்கும். சூப்பர்வைசரும் சிரிப்பார். அவரும் அவளை அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்: "ஏ ஆமை, பீஸ் இன்னா ஆச்சு?"

ஒரு சமயம் அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் திரும்பிச் சொல்லி அனுப்பவே இல்லை. விஷயம் வேன் வழியாகக் காலர் அக்காவின் காதுக்கு எட்டியது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தபோது அவர் குரல் கொடுத்தார்.

"தெரியுமா சேதி? நம்ம ஆமைய பாக்க வந்தவன், காப்பித் தட்ட எடுத்துகினு இவ வந்து சேர்றதுக்குள்ள கெய்வனாயிட்டானாம்!"

இருமல் வரும் வரை சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள்.

புதிய முறை வந்தபோது காலர் அக்காவுக்கு அதை விளக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. ஒரு லைன், அதிலேயே மிக மெதுவான வேலை எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகத்தில்தான் ஓடும். ஒருவர் மட்டும் வேகமாகத் தைத்துக் குவித்தால், குவியல்தான் மிஞ்சும், சட்டைகளின் எண்ணிக்கை அதிகரிக்காது. அந்தக் குவியலும் வீண்தான் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எதெல்லாம் வீண் என்று பட்டியலிட்டு, பெரிய எழுத்தில் ஒரு பலகை செய்து சுவரில் மாட்டியிருந்தோம். எழுதியது நான்.

"ஒண்ணு தச்சு தட்டுல வெச்சுட்டு?" என்று கேட்டார்.

"அத அவங்க எடுத்ததும் அடுத்தது தைக்கணும்க்கா."

"எடுக்கலன்னா?"

"எடுக்குற வரைக்கும் தைக்கக் கூடாது."

"கைய கட்டிகினு நிக்கணுமா?"

"இல்ல, பக்கத்து மெஷினுக்கு உதவி செய்யலாம்."

"யாருக்கு, இந்த ஆமைக்கா?" அவர் திரும்பி ஹாலைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டுக்கங்கடி! குதிரைய அவுத்து வண்டிக்குப் பின்னாடி கட்டணுமாம். பாப்பா படிச்சுட்டு வந்து சொல்லுது."

எல்லோரும் என்னை மேடம் என்பார்கள். அவர் மட்டும் பாப்பா என்பார். எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் மேனேஜர் கூட்டத்தில் சொன்னதை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. புது முறைக்கு ஒத்துவராதவர்களை மெஷினிலிருந்து எடுத்து ஃபினிஷிங்குக்கு அனுப்பிவிடுவார்கள். ஃபினிஷிங் என்றால் தைத்து முடித்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலை நறுக்குவது. தைக்கத் தெரியாமல் புதிதாகச் சேர்கிறவர்களை அங்கேதான் போடுவார்கள்.

அவர் சிரிப்பு நின்றது. மெஷின் தலைமேல் கையை வைத்தார். ஆயுத பூஜைக்கு ஹாலில் முதல் சந்தனம் வைப்பது அந்த மெஷினுக்குத்தான். அவர் வைத்த பிறகே மற்றவர்கள் தங்கள் மெஷினுக்கு வைப்பார்கள்.

"இத்த உட்டு என்ன எறக்குவாங்களா? எவன்னு பாக்குறேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் எதிர்த்துப் பேசவில்லை. நாற்காலியை எடுத்த அன்றும் பேசாமல் நின்றார். சிவப்பு பல்பு விஷயத்தை மட்டும் மற்ற எல்லோரையும்விட வேகமாகப் புரிந்துகொண்டார்.

தவறு அடுத்த மெஷினுக்குப் போகாமல் அங்கேயே பிடிபட வேண்டும் என்பதற்காக வைத்த ஸ்விட்ச் அது. முதலில் அழுத்தியவர் காலர் அக்கா. பக்கத்து மெஷினில் பாரிவாக்கத்துப் பெண் ஏற்றிய காலர் ஒரு பக்கம் லேசாக இறங்கியிருந்தது. பல்பு எரிந்ததும் லைன் முழுவதும் நின்றது. சூப்பர்வைசர் ஓடிவந்தார். பக்கத்து லைன்களிலும் தலைகள் திரும்பின. காலர் அக்கா அந்தச் சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"தோ பாருங்க, நல்லா பாத்துக்கங்க! காலர் மேக்கால போவுது, சட்ட கெயக்கால போவுது!"

கேமரா முன்னால் நிற்பது போலக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார். மறுநாளும் அழுத்தினார். அதற்கடுத்த நாள் காலையிலும் மாலையிலும். பல்பு எரியும்போதெல்லாம் ஹால் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் சட்டையை வாங்கிப் பிரித்து மறுபடியும் தைப்பாள். மூக்கு நுனியில் வியர்வை சொட்டும். துடைக்கக் கை இருக்காது.

பல்பு காட்டியது தவறை. ஹாலில் எல்லோரும் பார்த்தது ஆளை. அது எரிவதும், ஒரு பெண்ணைத் தெருமுனையில் நிறுத்தி வைத்துக் கத்துவதும் அவர்களுக்கு ஒன்றுதான். கொஞ்ச நாளில் லைனில் இருந்த மற்ற பெண்கள் அந்த ஸ்விட்சைத் தொடுவதை நிறுத்தினார்கள். பேசி முடிவெடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. அழுத்துகிறவள் காட்டிக்கொடுக்கிறவள் என்று ஆகிவிட்டது. பாரிவாக்கத்துப் பெண்ணின் கையும் தேறிவிட்டது; அவள் காலரில் குறை வருவது நின்றது. காலர் அக்காவுக்கும் அழுத்தக் காரணம் இல்லாமல் போயிற்று. பல்பு எரியாத நாட்களை நான் முன்னேற்றம் என்று வரைபடத்தில் குறித்தேன். மேனேஜர் அதை எடுத்து மற்ற லைன்களுக்கும் காட்டினார்.

இதற்கிடையில் காலர் அக்கா வேறொன்று செய்துகொண்டிருந்தார். ஒரு காலர் தைத்துவிட்டு, தன்னைவிட மெதுவான ஒரு பெண் எடுப்பதற்காகக் காத்து நிற்பது அவரால் முடியவில்லை. காலையில் முதல் வேனில் வந்துவிடுவார். மற்றவர்கள் நாஷ்டாவை முடித்துவிட்டு வருவதற்குள், வெட்டிய துணிகள் இருக்கும் கூடையிலிருந்து காலர் துண்டுகளை வாரியெடுத்து, பழைய மாதிரி நூலை அறுக்காமல் சரசரவென்று ஓட்டிவிடுவார். பிறகு அறுத்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மெஷின் மேஜைக்கு அடியில் ஒரு பைக்குள் போட்டுத் தொங்கவிடுவார். பை தெரியாமல் அவருடைய ஏப்ரன் மறைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நாள் முழுவதும் தட்டு காலியானதும் பைக்குள் கைவிட்டு ஒரு காலரை எடுத்து வைப்பார். கைகளைக் கட்டிக்கொண்டு வேர்க்கடலை தின்பார்.

"இன்னாடி, இன்னுமா ஏத்துற? என் காலரு காத்துகினு கீது பாரு."

நான் கடந்து போகும்போது அவர் கைகட்டி நிற்பதைப் பார்ப்பேன். விதிப்படி காத்திருக்கிறார் என்று குறித்துக்கொள்வேன்.

அந்த வெளிர்நீலத் துணியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒரே நிறம் என்று வந்தாலும், ஒரு ரோலுக்கும் இன்னொரு ரோலுக்கும் சாயத்தில் சின்ன வித்தியாசம் இருக்கும். அதனால் ஒரு சட்டையின் எல்லாப் பாகங்களும் ஒரே ரோலிலிருந்து வர வேண்டும். வெட்டும்போதே ஒவ்வொரு துண்டிலும் எண் போட்ட ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். காலரைத் திருப்பும்போது ஸ்டிக்கர் இடைஞ்சல் செய்யும் என்பதால் காலர் அக்கா அதைப் பிய்த்துப் போட்டுவிடுவார். பழைய முறையில் அதனால் கெடுதல் வந்ததில்லை. மூட்டையின் கட்டு வரிசையைக் காப்பாற்றியது. இப்போது கட்டு கிடையாது. பைக்குள் எல்லா ரோல்களின் காலர்களும் ஒன்றாகக் கிடந்தன. கைக்கு எது வந்ததோ அதுதான் தட்டுக்குப் போனது.

டியூப் லைட் வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் சட்டென்று தெரியாது. ஆனால் காலரையும் உடம்புத் துணியையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, கண்ணை அருகில் கொண்டுபோய் ஊசி ஓட்டுகிறவளுக்குத் தெரியும். அந்த லைனில் அப்படிப் பார்க்கிறவள் பாரிவாக்கத்துப் பெண்.

அவள் ஏற்றிக்கொண்டே இருந்தாள்.

ஜன்னல் பக்கம் போன பரிசோதகர் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொன்று கேட்டார். பிறகு ஒரு பெட்டியையே கொண்டுவரச் சொன்னார். சூரிய வெளிச்சத்தில் காலர் ஒரு நீலம், சட்டை ஒரு நீலம். அவர் கோபப்படவில்லை. கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடிவிட்டுப் போனார். அந்த லைன் தைத்த வெளிர்நீலச் சட்டை மொத்தமும் ஏற்றுமதியாகாமல் நின்றது.

யாரால் வந்தது என்று கண்டுபிடிக்கும்படி மேனேஜர் என்னிடம் சொன்னார். அதிக நேரம் ஆகவில்லை. ஒவ்வொரு காலராகத் தைத்தால், மெஷினிலேயே இருக்கிற கத்தி நூலை ஒட்ட அறுத்துவிடும். தோரணமாக ஓட்டிக் கத்தரியால் வெட்டிய நூலில் ஒரு வால் நீட்டிக்கொண்டிருக்கும். தவறான காலர்களைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே எல்லாவற்றுக்கும் வால் இருந்தது. மேஜைக்கு அடியில் பை தொங்கிக்கொண்டிருந்தது. நான் போய்ச் சொன்னேன்.

"தச்சவங்களே பிரிக்கட்டும்" என்றார் மேனேஜர். "எல்லாத்தையும்."

"பிரிச்சாலும் ஊசி ஓட்டை தெரியும் சார். அந்த காலரை மறுபடி உபயோகிக்க முடியாது."

"தெரியும்" என்றார்.

ஹால் வாசலில் ஒரு மேஜை போட்டார்கள். வேனிலிருந்து இறங்கி வருகிறவர்களும் கேண்டீனுக்குப் போகிறவர்களும் பாத்ரூமுக்குப் போகிறவர்களும் அதைக் கடந்துதான் போக வேண்டும். மேஜை மேல் வெளிர்நீலச் சட்டைகள். பின்னால் காலர் அக்கா, கையில் தையல் பிரிக்கிற சிறு கத்தி. நாற்காலி கிடையாது. தலைக்கு நேர் மேலே சுவரில் நான் எழுதிய பலகை இருந்தது. எதற்கும் உதவாத வேலையைச் செய்வது வீண் என்பது அதில் ஒரு வரி. அதை யாரும் நகர்த்தவில்லை.

அவர் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். "அண்ணாத்தே, நாளைக்கு ஒண்டியாச்சும் இந்த மேஜைய உள்ள தள்ளிப் போடேன்."

சூப்பர்வைசர் தரையைப் பார்த்துக்கொண்டு, "என் கைல இன்னாம்மா கீது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் அவர் வேனில் வரவில்லை. கள்ளிக்குப்பத்திலிருந்து நடந்து வந்தார். வேனின் முன் சீட்டில் வேறு ஒருத்தி உட்கார்ந்து வந்தாள். அன்றே உட்கார்ந்துவிட்டாள், ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை.

பிரிக்க வேண்டிய சட்டைகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு போய் வைக்கிற வேலை பாரிவாக்கத்துப் பெண்ணுக்கு. யாரும் அவளிடம் சொல்லவில்லை, அவளாகவே எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு முறையும் கூடையை மேஜையில் வைத்து, சட்டைகளை ஒழுங்காக அடுக்கிவிட்டு, மிகவும் அன்பாகச் சொன்னாள்:

"மெதுவா பண்ணுக்கா. அவசரமே இல்ல."

கேண்டீனுக்குப் போகிற வரிசை சிரித்தது. முன்பு சிரித்த அதே பெண்கள்தான்.

காலர் அக்கா முதல் நாள் திட்டினார். "போடி சாவுகிராக்கி" என்றார். இரண்டாம் நாள் அதுவும் இல்லை. கத்தியை நூலுக்கு அடியில் கொடுத்து, இழுத்து, அடுத்ததை எடுத்தார். அதையும் வேகமாகத்தான் செய்தார். வேகமாகச் செய்யச் செய்யக் கூடையும் வேகமாக வந்தது.

நான் அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேட்டேன். "உனக்குத் தெரிஞ்சிருக்கும். ஏன் ஸ்விட்ச் போடல?"

"எனக்கு இன்னா மேடம் தெரியும்? நான் ஆமை."

"நெஜத்த சொல்லு."

அவள் தன் மெஷினைத் துடைத்துக்கொண்டே பேசினாள். "மொத நாளே தெரியும் மேடம். எனக்கு அடுத்தவளுக்கும் தெரியும். பட்டன் வெக்கிறவளுக்கும் தெரியும். அயன் பண்ற அக்கா, 'இன்னாடி இது, கழுத்து மட்டும் வெளுத்துகினு கீது'ன்னு என்னாண்ட வந்தே கேட்டுச்சு. பேசாம போய் தேயின்னு சொன்னேன்."

"லைன் மொத்தத்துக்கும்தானே கெட்ட பேரு? உங்க எல்லாருக்கும்தானே ஊக்கத்தொகை போச்சு?"

"போவட்டும்." துணியை மடித்து வைத்தாள். "அதுக்கு ஒரு வாட்டி பல்பு போட்டா, சூப்பர்வைசர் வருவாரு, முன்னாடியே தச்சு சேத்து வெக்கறத நிறுத்தச் சொல்லுவாரு, காலர் அக்காவும் நிறுத்திடும். அதோட முடிஞ்சிரும். முடியக் கூடாதுன்னுதான் போடல."

அவள் சொன்னதில் குழப்பம் எதுவும் இல்லை.

பிரிக்கிற வேலை முடிந்த அன்று காலர் அக்கா கத்தியை மேஜையில் வைத்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் லைனுக்கு நடந்தார். காலர் மெஷினில் பாரிவாக்கத்துப் பெண் நின்றிருந்தாள். அவள் நகரவில்லை. சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து, "ஃபினிஷிங்ல போட்டுகீறாங்கம்மா உன்ன" என்றார், மெதுவான குரலில். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது, ஏனென்றால் எல்லா மெஷினும் நின்றிருந்தது.

அவர் என்னைத் தேடினார். நான் வரைபடப் பலகைக்குப் பக்கத்தில் இருந்தேன்.

"பாப்பா, நீ சொல்லு. இத்தினி வருசத்துல நான் ஒரு காலரு கோணலா தச்சிருக்கனா?"

"இல்லக்கா."

"நூலு விட்டிருக்கனா? முனை மழுங்கிருக்கா?"

"இல்ல."

"அப்பறம் இன்னாத்துக்கு என்ன எறக்குறீங்க?"

"வரிச மாறிடுச்சுக்கா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார் என நினைக்கிறேன். ஆனால் நடந்தது அவ்வளவுதான். லைனில் யாரோ மெஷினை மிதித்தார்கள். அடுத்தவளும் மிதித்தாள். ஹால் முழுவதும் சத்தம் வந்ததும் அவர் ஃபினிஷிங் பக்கம் போனார்.

இப்போதைய நிலை: எங்கள் கம்பெனியில் எல்லா லைனும் நின்றுகொண்டே ஒவ்வொரு சட்டையாகத்தான் தைக்கின்றன. காலர் ஸ்டிக்கரைச் சட்டை முடியும் வரை பிய்க்கக் கூடாது என்று விதி வந்திருக்கிறது. மூன்றாவது லைனின் காலர் மெஷினில் பாரிவாக்கத்துப் பெண்ணும் இன்னொருத்தியும் மாறி மாறி நிற்கிறார்கள். இரண்டு பேருமே வேகமானவர்கள் இல்லை, லைன் சரியாக ஓடுகிறது. காலர் அக்கா ஃபினிஷிங் மேஜையில் நூல் நறுக்குகிறார். அவரை இப்போது யாரும் காலர் அக்கா என்று கூப்பிடுவதில்லை. வேறு பெயரும் வைக்கவில்லை. நான் சீனியர் ஆகியிருக்கிறேன். சிவப்பு பல்புகள் எல்லா லைனிலும் இருக்கின்றன. ஒன்றும் எரிவதில்லை.